ஒரு வருடக் காசு, பத்தொன்பது பிள்ளைகள்: எதை வாங்குவது?

கனடாவில் இருக்கிற தம்பி ஒருவர் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு வருடம் மாதாமாதம் காசு அனுப்பச் சம்மதித்திருக்கிறார். ஊரில் நிறை குறைந்த பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று முதலில் சொன்னார். அடுத்த வசனமே, "அக்கா, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய டின் மோல்ட் மா குடுத்து, படம் எடுத்து அனுப்புங்க" என்று வந்தது.

நான் சங்கத்தின் பொருளாளர். காசு என் கையில் வந்தால் கணக்கும் என் தலையில்தான். அதனால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டதையும், தேடி வாசித்ததையும், கூட்டத்தில் சண்டை பிடித்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊரைப் போல நிறைய ஊர்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக் காசு வருகிற எந்தச் சங்கத்துக்கும் இதே கேள்வி வரும்.

எந்தச் சாமான் என்று கேட்கும் முன்பு எந்தப் பிள்ளை என்று பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியில் இருக்கிற நிறை வரைபடத்தைத் தாய்மார் எல்லோரும் அறிவார்கள். கடும்பச்சை, இளம்பச்சை, அதற்குக் கீழே செம்மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. எங்கள் பட்டியலில் உள்ள பத்தொன்பது பேரில் இரண்டு பேர் சிவப்பில், மற்றவர்கள் செம்மஞ்சளில் அல்லது இளம்பச்சையிலிருந்து செம்மஞ்சளை நோக்கி இறங்கிக்கொண்டு. ஏழு பேருக்கு இரண்டு வயது இன்னும் ஆகவில்லை. இந்த ஏழு என்ற எண்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

இன்னொரு விஷயம். நிறை குறைவு என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு இருக்கிறது. வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை ஒன்று, உயரத்துக்கேற்ற சதை இல்லாமல் மெலிந்த பிள்ளை மற்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் இலங்கையின் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 சதவீதம் குட்டை, 15 சதவீதம் மெலிவு. உலகம் முழுவதையும் எடுத்தால் 2022இல் குட்டை 22 சதவீதம், மெலிவு 7 சதவீதத்துக்குள். அதாவது குட்டையில் நாம் உலகத்தை விடப் பரவாயில்லை. மெலிவில் உலகத்தின் இரண்டு மடங்கு. மெலிவு திடீரென்று வரும். ஒரு வயிற்றோட்டம், ஒரு மாத மழை, அப்பாவுக்கு வேலை இல்லாத ஆறு கிழமை போதும். ஆகவே வருடம் முழுக்கச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது சரிதானா என்ற கேள்வியும் வருகிறது. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது வயிற்றுக் கணக்கு. மிஸ் இதைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. எட்டுக் கிலோ பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்வது ஏறத்தாழ 240 மில்லிலீட்டர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதற்கு மேலதிகமாக உணவிலிருந்து ஆறு முதல் எட்டு மாதத்தில் 200 கலோரி, ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300, ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை 550 கலோரி அளவில் தேவை. அந்தச் சின்னக் கோப்பையைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. கரண்டியில் எடுத்துச் சரித்தால் வழிந்து ஓடாமல் கொஞ்சம் ஒட்டி நிற்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் மட்டும் நாற்பது கலோரி கூடும். தேங்காய் எண்ணெய் எங்கள் வீடுகளில் இல்லாத சாமான் அல்ல.

இந்தக் கணக்கோடு பார்த்தால் தம்பியின் டின் முதலிலேயே விழுந்துவிடுகிறது. மோல்ட் மாவில் சீனியும் தானியச் சத்தும்தான் பெரும்பங்கு. இரண்டு கரண்டியைச் சுடுதண்ணியில் கரைத்தால் இனிப்பான ஒரு கோப்பைத் தண்ணி. பிள்ளை அதைக் குடித்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று சொல்லும். கைக்குழந்தைப் பால்மா என்றால் இன்னும் மோசம். தாய்ப்பாலுக்குப் பதிலான மாவை இலவசமாகப் பகிர்வதை உலக சுகாதார நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டுக் கோவையே வேண்டாம் என்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் சின்ன வயதில் அந்த டின்னைக் கடைக் கண்ணாடிக்குள் மட்டும் பார்த்தவர்.

அடுத்தது திரிபோஷ. இதைக் கடையில் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை, கிளினிக்கில் தருகிறார்கள். 1973இல் தொடங்கிய திட்டம். சோளம், சோயா, பால்மா, அதோடு விற்றமின் கனியுப்புச் சேர்க்கை. ஒரு நாளைக்கு 50 கிராம், அதில் ஏறத்தாழ 200 கலோரி, பத்துக் கிராம் புரதம். மாதத்துக்கு 750 கிராம் பைக்கற்று இரண்டு என்றால் கணக்குச் சரி. காகிதத்தில்.

வீட்டில் நடப்பது வேறு. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். திரிபோஷ கிடைத்து நாலாம் நாள். தாய் பைக்கற்றை வெட்டி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து ஒரு பீங்கானில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்த மூத்தவன் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் இரண்டு உருண்டையை வாயில் போட்டான். நடுவிலானுக்கு ஒன்று. வயலால் வந்த தகப்பனுக்குத் தேத்தண்ணியோடு ஒன்று. யாருக்காக அந்தப் பைக்கற்றோ அந்தச் சின்னவள் அரை உருண்டையைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டு இருந்தாள். "என்ன டீச்சர் செய்ய, மற்றதுகளும் பிள்ளைகள்தானே" என்றாள் தாய். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இரண்டு பைக்கற்றும் பத்து நாளில் முடிந்துவிடும்.

திரிபோஷவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது வராமல் விடலாம். 2022 நெருக்கடியில் சோளம் தட்டுப்பட்டு, கிடைத்த சோளத்திலும் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சுப் பிரச்சினை எழுந்து, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான உற்பத்தி நின்றுபோனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் பைக்கற்று இல்லாமல் போனது.

ஆனாலும் திரிபோஷ வருகிற மாதங்களில் அதுவே நல்ல சாமான். எங்கள் காசால் அதைப் போல இன்னொரு பைக்கற்று வாங்குவதை விட, அந்தப் பைக்கற்று சின்னவளின் வாய்க்குப் போக வழி செய்வது மலிவு. மூத்தவனுக்கும் நடுவிலானுக்கும் பின்னேரத்தில் அவித்த கௌபியோ கடலையோ இருந்தால் உருண்டைக்குக் கை நீளாது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது செயலாளர் மாமி சிரித்தார்: "அப்ப நிறை குறைஞ்ச பிள்ளைக்கு எண்டு வந்த காசில நிறை கூடின பிள்ளைக்குக் கடலையா?" அதேதான்.

கூட்டத்தில் அதிகம் பேருக்குப் பிடித்தது சத்துமா. நாங்களே செய்வது. சிவப்பரிசி, பயறு, உழுந்து, சோளம், கச்சான் வறுத்து, மில்லில் அரைத்து, பைக்கற்றில் கட்டுவது. இரண்டு மூன்று பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும், காசு ஊருக்குள்ளேயே நிற்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் முன்பு ஒரு தடவை செய்து பார்த்த அனுபவம் இருக்கிறது. அரிசியைக் கழுவிக் காயவைத்து, சுளகில் புடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொன்னிறமாக வறுத்து ஒரு பகல் முழுக்கப் போனது. மில்லுக்குக் கொண்டுபோனால், அங்கே அதற்கு முன்பு அரைத்தது செத்தல் மிளகாய். இயந்திரத்தைத் துடைத்துத்தான் போட்டார்கள். மாவை நாக்கில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை; கஞ்சி காய்ச்சி ஒரு வாய் வைத்ததும் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டு கிலோ மாவும் பெரியவர்களின் பிட்டுக்குப் போனது.

மிளகாயை அடுத்த முறை தவிர்க்கலாம். தவிர்க்க முடியாதது பூஞ்சணம். அரசாங்கத் தொழிற்சாலையையே நிறுத்திய அதே அஃப்லடொக்சின் சோளத்திலும் கச்சானிலும்தான் அதிகம் வருகிறது. அது ஈரலைத் தாக்குகிற நஞ்சு. வறுத்தால் குறையும், முழுதாகப் போகாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அளவிலும் இருக்கலாம். தொழிற்சாலையில் பரிசோதிக்கிறார்கள், எங்களிடம் இருப்பது சுளகும் கண்ணும்தான். ஆகவே சோளத்தை விட்டுவிட்டு அரிசி, பயறு, உழுந்தோடு நிற்பது, கச்சான் போட்டால் புதிதாக உடைத்ததைப் பொறுக்கிப் போடுவது, மழை மாதங்களில் மாவைச் சேமித்து வைக்காமல் இருப்பது என்று முடிவுக்கு வந்தோம். அப்படிச் செய்தாலும் வீட்டுச் சத்துமாவில் மேலதிக இரும்பும் நாகமும் (சிங்க் சத்து) கிடையாது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிள்ளையின் குடல் முழுதாக எடுத்துக்கொள்ளாது. கடையில் விற்கும் சமபோஷ மாதிரியானவை சுத்தத்தில் நம்பிக்கையானவை, வேலையும் மிச்சம். ஆனால் பைக்கற்றைப் பங்கிடுகிற கதை அங்கேயும் அதேதான்.

இரும்பு என்றதும் கிளினிக்கில் தரும் நுண்போசணைத் தூள் ஞாபகம் வரும். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களில் அறுபது சின்னப் பைக்கற்று, நாளுக்கு ஒன்று. அது இரத்தச்சோகைக்கு நல்லது. ஒரு கிராம் தூளில் சொல்லும்படியான கலோரி இல்லை. நிறையைக் கூட்டும் என்று எதிர்பார்த்தால் பிழை. கொதிக்கிற சோற்றில் போட்டால் நிறமும் ருசியும் மாறி பிள்ளை துப்பிவிடும், ஆறிய பிறகு ஒரு வாய் அளவில் கலந்து அரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை, ஆள்தான் தேவை.

கச்சான் பசைப் பைக்கற்றுகளைப் பற்றித் தம்பியும் இணையத்தில் பார்த்திருக்கிறார். இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பக் கூடாது. பெரியது 92 கிராம், 500 கலோரி. கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு வைத்தியர் எழுதித் தருகிற மருந்துச் சாப்பாடு. மேற்கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீட்டருக்குக் கீழே போன பிள்ளை அந்த வகை. எங்கள் இரண்டு சிவப்புப் பிள்ளைகளும் கிளினிக்கின் பொறுப்பு, சங்கத்தின் பரிசோதனைக்கு அல்ல. சின்னது நாளுக்கு 20 கிராம், ஏறத்தாழ 110 கலோரி. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, மெலியும் முன்பே கொடுப்பது. சாமான்களில் மிக உறுதியான சான்று இதற்குத்தான் இருக்கிறது. 2021இல் பதினான்கு ஆய்வுகளை, முப்பத்தேழாயிரம் அளவிலான பிள்ளைகளோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது குட்டையானவர்களின் விகிதம் 12 சதவீதமும் மெலிந்தவர்களின் விகிதம் 14 சதவீதமும் குறைந்திருந்தது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் உண்மையான பலன். என்ன செய்ய, எங்கள் சந்தையில் அது இல்லை. தனிச் சங்கம் ஒன்று அதை வெளிநாட்டிலிருந்து இறக்கிப் பகிர்வது சரியான வேலையும் அல்ல. சுகாதாரப் பகுதி என்றாவது தந்தால் இரண்டு கையாலும் வாங்குவோம்.

மிச்சம் முட்டை.

2017இல் எக்குவடோரில் ஓர் ஆய்வு வந்தது. ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை. குட்டையாகும் பிள்ளைகளின் விகிதம் 47 சதவீதம் குறைந்தது. வாசித்தவுடன் எனக்குக் கூட்டத்தை அன்றே கூட்டி முடித்துவிடலாம் போல இருந்தது. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன்: அதே முறையை மலாவியில் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. அவர்கள் தெரிவு செய்த இடம் மலாவி ஏரியின் கரை. அங்குள்ள பிள்ளைகள் முன்பே மீன் தின்கிறார்கள். முட்டை வந்து நிரப்ப வேண்டிய இடம் பெரிதாக இருக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

மட்டக்களப்பாருக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் கிடையாது. நாங்களும் வாவிக் கரை ஆட்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் மீன் தின்கிறார்களா? கடல் பக்கத்து எழுவான்கரையில் தோணி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை தின்னும். படுவான்கரையில் வயல் பக்கம் உள்ளே போகப் போக மீன் மோட்டார் சைக்கிளில் வருகிறது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு முந்தியதை விட நன்றாக வருகிறது, வாங்கக் காசு இருந்தால். வாங்கினாலும் துண்டு தகப்பனுக்கு, ஆணம் (குழம்பு) பிள்ளைக்கு. சோற்றை ஆணத்தில் பிசைந்து ஊட்டி, பிள்ளை மீனும் தின்றது என்று தாய் மனதாரச் சொல்வாள். முள் பயம் ஒரு பக்கம், கிரந்தி என்ற பயம் இன்னொரு பக்கம். ஆக எங்கள் பிள்ளைகள் ஏரிக்கரையில் இருந்துகொண்டே எக்குவடோர்ப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புத்தான்.

முட்டையில் எனக்குப் பிடித்த விஷயம் அது எண்ணக்கூடியது என்பது. மாவை ஒரு கரண்டி கூட்டலாம், குறைக்கலாம், ஊருக்கே உருண்டை பிடிக்கலாம். முட்டை ஒன்று என்றால் ஒன்று. அவித்து, மஞ்சள் கருவையும் வெள்ளையையும் சோற்றோடு மசித்து ஊட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஏழு பிள்ளைகளுக்கு மாதம் 210 முட்டை, அதாவது முப்பது முட்டை அட்டை ஏழு. ஒன்றில் எழுபது கலோரி, ஆறு கிராம் புரதம். கலோரி குறைவுதான், ஆகவே கெட்டியான சோறும் எண்ணெயும் அதோடு போக வேண்டும். இரும்பும் போதாது, ஆகவே தூளை விடக் கூடாது.

பிடிக்காத விஷயம் விலை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டிய நிலை வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இன்று கட்டுப்படியாகும் முட்டை ஆறு மாதத்தில் ஆகாமல் போகலாம். வீட்டுக்கு வீடு கோழி கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல யோசனை, அடுத்த வருடத்துக்கு. குஞ்சு வளர்ந்து முட்டை இட ஐந்தாறு மாதம், அதற்குள் கீரி ஒரு பங்கு, நோய் ஒரு பங்கு. செம்மஞ்சளில் இருக்கிற பிள்ளை கோழி வளரும் வரை காத்திருக்காது.

காசையே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பேசாமல் ஒதுக்க முடியாது. வட வங்காளதேசத்தில் 2012 முதல் 2014 வரை நடந்த பரிசோதனையில் காசு மட்டும் பெற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரம் மாறவில்லை. காசோடு தாய்க்கும் மாமியாருக்கும் கிழமைக்கொரு முறை ஊட்டும் முறை பற்றிய பேச்சும் சேர்ந்த இடத்தில் குட்டையானோர் சுமார் ஏழு சதவீதப் புள்ளி குறைந்தார்கள். மாமியாரையும் சேர்த்ததை நான் மிகவும் ரசித்தேன். எங்கள் ஊரில் பிள்ளைக்கு முட்டை சூடு, நெத்தலி ஆகாது, மாந்தம் வரும் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் காசாகக் கொடுக்க இங்கே ஒரு தடை: நுண்கடன். கடன்காரன் வருகிற கிழமை நாளும் காசு கொடுக்கிற நாளும் ஒன்றானால், அது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தாயைக் குற்றம் சொல்ல முடியாது. வாசலில் ஆள் நிற்கும்போது முட்டை ஞாபகம் வராது.

சரி, என்ன முடிவெடுத்தோம்? இரண்டு வயதாகாத ஏழு பேருக்கும் தினமும் முட்டை. ஆறு மாதத்தைத் தொடாத பிள்ளை இருந்தால் அந்த முட்டை பால் கொடுக்கும் தாய்க்கு. கடையில் கணக்கு வைத்து, கிழமைக்கு இரண்டு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாங்க வேண்டும். வருகிற அன்று மிஸ்ஸோ சங்கத்து ஆளோ பேசுவார், அம்மம்மாமாரும் வரட்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களுடைய அண்ணன் அக்காமாருக்கும் பின்னேரம் முன்பள்ளிக் கட்டிடத்தில் அவித்த கௌபி, கடலை, பயறு. சத்துமாவை அந்த அடுப்பிலேயே சின்ன அளவில், அன்றன்று செய்து பார்க்கலாம், பைக்கற்று கட்டுவதில்லை. சிவப்புப் பிள்ளைகள் இருவருக்கும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்வர ஆட்டோக் காசு.

இனி முன்பு விட்ட விஷயம். காசை பன்னிரண்டாகப் பங்கிடாமல், ஐப்பசி தொடக்கம் தை முடியும் வரை மாதத்துக்கு மற்ற மாதங்களைப் போல இரண்டு பங்கு ஒதுக்கியிருக்கிறோம். மாரி வெள்ளாமை வயலில் நிற்கும், கூலி வேலை இல்லை, கடல் கொந்தளிப்பு, மீன் விலை ஏறும், வெள்ளம் வந்து கிணறு கலங்கும், வயிற்றோட்டம் தொடங்கும். எங்கள் பிள்ளைகள் செம்மஞ்சளுக்கு இறங்குவது பெரும்பாலும் அந்த நாலு மாதத்தில்தான் என்று மிஸ் பழைய கொப்பிகளைப் புரட்டிக் காட்டினார். வயிற்றோட்டம் வந்தால் நாகக் குளிசை முழு நாட்களுக்கும் கொடுக்கிறார்களா, வயிற்றோட்டத்துக்குப் பிறகு இரண்டு கிழமை ஒரு வேளை கூடுதலாக ஊட்டுகிறார்களா என்பதையும் அந்த மாதங்களில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்.

செயலாளர் மாமிக்கு இன்னும் சமாதானம் இல்லை. மழை நாளில் முட்டை அட்டையை யார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது, உடைந்தால் யார் கணக்கில் எழுதுவது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி; அட்டைக்கு இரண்டு உடைவு என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். தம்பிக்குப் படம் அனுப்புகிற விஷயமும் பாக்கி. பிள்ளையின் முகத்தைப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். தாய் சம்மதித்தால் கொப்பியின் அந்தப் பக்கத்தை மட்டும், பெயரை மறைத்து, மாதம் ஒரு தடவை எடுத்து அனுப்பலாம் என்றேன். "அதில என்னக்கா தெரியும், ஒரு கோடுதானே" என்றார். முதல் படத்தைப் போன கிழமை அனுப்பினேன். செம்மஞ்சளுக்குள் மூன்று புள்ளிகள், நாலாவது இன்னும் வைக்கவில்லை.